அளவுகோல் யார் கையில்?

தேர்த் திருவிழாவைக் கண்டிராத தமிழர் மிகச் சிலரே இருப்பர். தேர் நிலையைவிட்டுப் புறப்படும் நேரம். வடத்தின் இரு மருங்கிலும் ஆயிரம் கைகள். எங்கும் முழக்கம். வடம் விறைக்கிறது, அச்சு முனகுகிறது, சக்கரம் அசைகிறது, மலைபோல் நின்ற தேர் மெல்ல நகர்கிறது. ஊர் கூடினால் ஆகாதது உண்டோ என்று நெஞ்சம் நிமிரும்.

ஆயினும், கூட்டத்தின் நடுவே நின்று கூர்ந்து நோக்கியவர்க்கு மற்றொரு காட்சியும் தெரிந்திருக்கும். காலை மண்ணில் ஊன்றி, நரம்பு புடைக்க, மூச்சைப் பிடித்து இழுப்பவர் சிலர். வடத்தின்மேல் கையை வைத்து, வாயால் மட்டும் முழங்கி, உடன் நடந்து வருபவர் பலர். இன்னார் இழுத்தார், இன்னார் தொட்டார் என்று பிரித்தறிய வழியில்லை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபின், "நாங்கள் இழுத்த தேர்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை இரு சாராருக்கும் ஒன்றே!

அதே தேரின் சக்கரத்தருகில் முட்டுக்கட்டையோடு ஒருவர் நடந்து வருவார். அவர் கண் இமைப்பதில்லை, கை தளர்வதில்லை. பிறரைவிட அவர் நல்லவர் என்பதனாலா? இல்லை. கட்டையை இம்மி பிசகி வைத்தால் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்பது மறுகணமே ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமுன் அவருக்கே தெரியும். தாம் செய்த வேலையின் விளைவு உடனுக்குடன் அவர் கண்முன் வந்து நிற்கிறது. வடம் பிடித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்த வேறுபாட்டில்தான், கூடி உழைக்கும் மனிதனின் ஊக்கம் ஏன் வளர்கிறது, ஏன் வாடுகிறது என்னும் பெரிய கேள்வியின் விடை ஒளிந்திருக்கிறது. "தொழிலாளி சோம்பேறி, தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் வேலை செய்யமாட்டான்" என்று முதலாளிகள் காலங்காலமாகக் கூறி வருகின்றனர். "தொண்டர்கள் முன்போல் இல்லை" என்று அரசியல் தலைவர்கள் அலுத்துக்கொள்கின்றனர். இரண்டும் ஒரே மரத்தில் காய்த்த இரு காய்கள். இரண்டையும் இன்று சற்று அறுத்துப் பார்ப்போம்.

கயிறு சொன்ன கணக்கு

பிரெஞ்சு நாட்டில் மாக்ஸ் ரிங்கல்மான் என்றொரு வேளாண்மைப் பொறியாளர் வாழ்ந்தார். 1880-களில், மனிதன் எவ்வளவு விசையோடு இழுக்க வல்லவன் என்பதைக் கயிறும் விசைமானியும் கொண்டு ஆராய்ந்தார். அவர் நோக்கம் அரசியல் அன்று. வயல் வேலைக்கு மாடா, மனிதனா, எந்திரமா என்று கணக்குப் பார்ப்பதே அவர் வேலை. 1913-ல் வெளிவந்த அவருடைய கணக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. தனியொருவன் இழுக்கும் விசையை 100 என்று கொண்டால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93 ஆகிறது. மூவரானால் 85. எண்மரானால் 49! எட்டுப் பேர் கூடி நான்கு பேர் வேலையைத்தான் செய்திருக்கின்றனர்.

எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை, ஆகவே விசை சிதறுகிறது என்று ரிங்கல்மான் காரணம் கூறினார். அது உண்மையில் ஒரு பாதியே. 1974-ல் அமெரிக்காவின் மாசசூசெட்சு பல்கலைக்கழகத்தில் ஆலன் இங்காமும் அவர் தோழர்களும் மறுபாதியைத் தேடினர். ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்முனையில் நிறுத்தினர். அவன் பின்னே மற்றவர்கள் நின்றனர். இழுப்பதுபோல் நடித்தனரே தவிர இழுக்கவில்லை. உண்மையில் அவன் தனியாகவே இழுத்தான். ஆனால் பின்னால் பலர் இழுக்கிறார்கள் என்று நம்பினான். அந்த நம்பிக்கையே அவன் விசையைக் குறைத்துவிட்டது!

1979-ல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லட்டானே, வில்லியம்சு, ஆர்கின்சு ஆகிய மூவர் கயிற்றுக்குப் பதிலாகக் குரலை அளந்தனர். முடிந்த மட்டும் உரக்கக் கத்துமாறு கேட்டனர். தன்னோடு சேர்ந்து ஆறு பேர் கத்துவதாக நம்பியவன், தனித்துக் கத்தியபோது எழுப்பிய ஒலியில் 74 விழுக்காட்டையே எழுப்பினான். அதே மூவர் 1981-ல் ஒரு சிறு மாற்றம் செய்தனர். கூட்டமாகக் கத்தும்போதும் ஒவ்வொருவர் ஒலியும் தனித்தனியே அளக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தனர். அவ்வளவுதான், குறைந்த ஒலி மீண்டும் உயர்ந்துவிட்டது!

மனிதன் மாறவில்லை. தொண்டை மாறவில்லை. கூலி மாறவில்லை. தன் பங்கு தெரியும் என்ற ஒன்றே மாறியது. சோம்பல் இரத்தத்தில் ஊறியதாயின், ஒரு சொல்லால் அது ஓடி ஒளிந்திருக்குமா? எவர் செய்தாலும் ஒன்றே, எவ்வளவு செய்தாலும் ஒன்றே என்னும் இருட்டில் நிறுத்தப்பட்ட மனிதன் கையைத் தளர்த்துகிறான். அது அவன் குற்றமாகுமுன், இருட்டில் நிறுத்தியவர் குற்றமாகிறது.

மேஸ்திரியின் மகிழ்ச்சியும் மண்ணாகும் கதை

இதைப் படித்ததும் ஆலை மேஸ்திரிக்கு உச்சி குளிரும். "பார்த்தீர்களா! ஒவ்வொருவனையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று நான் அன்றே சொன்னேன்" என்பார். பொறுத்திருக்கட்டும். கதை முடியவில்லை.

சிகாகோ நகரையடுத்து ஆதார்ன் என்ற பெயரில் பெரியதொரு தொலைபேசிக் கருவித் தொழிற்சாலை இருந்தது. அங்கு 1924 முதல் 1932 வரை நடந்த ஆராய்ச்சிகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றின் கடைசிப் பகுதியில், 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, 14 தொழிலாளர்களைத் தனி அறையில் அமர்த்தி, அவர்கள் வேலை செய்வதை ஒருவர் அருகிலிருந்து குறித்து வந்தார். கருவிகளுக்குக் கம்பி இணைப்பது அவர்கள் வேலை. குழு முழுவதும் செய்யும் வேலைக்கேற்பக் கூலி உயரும். ஒவ்வொருவர் வேலைக்கும் தனிக் கணக்கும் உண்டு. நிர்வாகத்தின் எண்ணப்படி, தொழிலாளர் போட்டி போட்டு உழைத்திருக்க வேண்டும்.

நடந்ததோ வேறு. நாளொன்றுக்கு இரண்டு கருவித் தொகுதிகளே நியாயமான வேலை என்று அவர்கள் தமக்குள் வரையறுத்துக்கொண்டனர். அதற்குமேல் செய்தவனைக் கேலி செய்தனர். புயத்தில் ஒரு குத்தும் விட்டனர். மிகக் குறைவாகச் செய்தவனையும் அவர்கள் விடவில்லை. அவன் தோழர்களின் உழைப்பில் குளிர்காய்பவன் என்று இகழப்பட்டான். கணக்கையும் தமக்கேற்பச் சரிக்கட்டினர்.

என்ன காரணம்? அறியாமையா? அவர்கள் வெகு நன்றாக அறிந்திருந்தனர். உலகப் பொருளாதாரமே சரிந்துகொண்டிருந்த காலம் அது. இன்று மிகுதியாகச் செய்து காட்டினால், நாளை அதுவே கட்டாய அளவாகும். கூலி வீதம் குறையும். ஆள் மிகுதி என்று சிலருக்கு வேலை போகும். அளவுகோல் தங்கள் முதுகில் விழப்போகும் கோல் என்று அவர்கள் அஞ்சினர். அவர்கள் பங்கு கணக்கில் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து யாருக்குப் பயன் என்ற கேள்விதான் அவர்கள் கையைக் கட்டிப்போட்டது.

ஆகவே, தோழர்களே, முதல் பாடத்தோடு இரண்டாம் பாடத்தையும் சேர்த்துக் கற்க வேண்டும். உழைப்பின் அளவு தெரியாவிட்டால் ஊக்கம் உறங்கும். அளப்பவரிடம் நம்பிக்கை இல்லாவிட்டால் ஊக்கம் ஒளிந்துகொள்ளும்.

ஒருவருக்கு மாலை, மற்றவருக்கு மௌனம்

முதலாளி உலகில்தான் இப்படி என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பாட்டாளியின் பெயரால் ஆட்சி நடந்த சோவியத் நாட்டிலும் ஒரு கதை உண்டு. 1935 ஆகஸ்ட் 31 அன்று, தொனெட்சு நிலக்கரிப் பகுதியின் சுரங்கம் ஒன்றில் அலெக்சி ஸ்தகானவ் என்னும் தொழிலாளி ஐந்தே முக்கால் மணி நேரத்தில் 102 டன் நிலக்கரி வெட்டினார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. வகுக்கப்பட்ட அளவு 7 டன். அதைப்போல் 14 மடங்குக்கும் மேல்! ஒரே இரவில் அவர் பெயர் ஓர் இயக்கத்தின் பெயராயிற்று.

அவர் உழைப்பாளி என்பதில் ஐயமில்லை. ஆனால், வழக்கமாக வெட்டுபவரே இடையிடையே வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சுரங்கக் கூரைக்கு மரத்தால் முட்டுக் கொடுக்கவும் வேண்டும். அன்றிரவு அந்த வேலையை வேறு இரு தொழிலாளர்கள் பின்தொடர்ந்து செய்தனர். அதனால்தான் அவர் கை ஓயாமல் வெட்ட முடிந்தது. வேலையைப் பகிர்ந்து செய்த திறத்துக்குக் கிடைத்த வெற்றி அது. மூவர் வெற்றி அது. உலகம் அறிந்த பெயரோ ஒன்றே!

பின்னர் நடந்தது என்ன? 1936-ல் தொழில்கள் பலவற்றிலும் கட்டாய அளவுகள் உயர்த்தப்பட்டன. சாதனை வீரர்களாக மேடையேற்றப்பட்டவர்களை உடன் உழைத்த தோழர்களே வெறுத்தனர். அவர்களைத் தாக்கிய நிகழ்ச்சிகளும் உண்டு. ஆதார்ன் தொழிலாளி எதற்கு அஞ்சிப் புயத்தில் குத்தினானோ, அதே அச்சம் செங்கொடியின் கீழும் தலைகாட்டியது. தோழன் ஒருவனுக்குச் சூட்டிய மாலை மற்றவர் கழுத்துக்குச் சுருக்கானால், அந்த மாலையை யார் போற்றுவர்?

ஒருவனை மற்றவனோடு ஒப்பிடுவதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1920-களில் செர்மனி நாட்டில் ஓட்டோ கோலர் என்னும் அறிஞர், பெர்லின் படகோட்டும் கழகத்தினரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தார். இருவர் இணைந்து ஒரு பாரத்தைத் திரும்பத் திரும்பத் தூக்க வேண்டும். ஒருவர் ஓய்ந்தால் மற்றவரும் ஓய வேண்டியதே. அந்நிலையில், இருவரில் வலுக் குறைந்தவர் தனியே தூக்கியதைவிட நீண்ட நேரம் தாங்கினார். "என்னால் தோழன் தோற்கக் கூடாது" என்ற எண்ணம் அவர் தோளுக்கு வலுவூட்டியது. ஆனால், இருவர் வலிமைக்கும் இடையே வேறுபாடு அளவோடு இருந்தபோதே இந்த நன்மை மிகுதியாய் விளைந்தது. எட்டிப் பிடிக்கக்கூடிய தொலைவில் தோழன் நடந்தால் நாமும் நடையை விரைவாக்குவோம். அவன் 14 மடங்குக்கு அப்பால் வானத்தில் பறப்பதாகக் காட்டினால், உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம்.

தலைவனைத் தூக்கி வைக்கும் முறைக்கு மறுபக்கம், கடைசி ஆளைக் களையெடுக்கும் முறை. 1981 முதல் 2001 வரை செனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராயிருந்த சாக் வெல்ச், ஊழியர்களை ஆண்டுதோறும் மூன்றாகப் பிரித்தார். மேலே 20 விழுக்காடு, நடுவே 70, கீழே 10. கீழே உள்ளவருக்கு வாயிற்கதவு! உலகெங்கும் பல நிறுவனங்கள் அதைப் பின்பற்றின. குழுவில் பத்துப் பேரும் நன்றாக உழைத்தாலும் ஒருவன் கடைசியாகத்தான் வேண்டும் என்பது எத்தகைய கணக்கு? பக்கத்து மேசைக்காரனுக்கு உதவினால் நம் இடம் போகும் என்ற நிலையில், எவன் எவனுக்குக் கை கொடுப்பான்? இத்தகைய தரவரிசை முறையைக் கையாண்ட மைக்ரோசாப்ட் நிறுவனமே 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது.

1996-ல் க்ளூகர், டிநீசி என்னும் இரு அறிஞர்கள், செய்த வேலையைப் பற்றி மனிதனுக்கு எடுத்துக் கூறினால் என்ன விளைகிறது என்று அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் ஒன்றுதிரட்டி, 607 ஒப்பீடுகளை அலசினர். மொத்தத்தில் நன்மையே. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில், எடுத்துக் கூறியதனாலேயே வேலை குன்றியது! எப்போது? சொல்லும் சொல் வேலையை விட்டு விலகி ஆளின்மேல் விழும்போது என்பது அவர்கள் தந்த விளக்கம். "இந்த நூல் இங்கே அறுந்திருக்கிறது" என்றால் கை நூலைத் தேடும். "நீ எதற்கும் உதவாதவன்" என்றால் நெஞ்சு நோகும். நூல் அறுந்தபடியே கிடக்கும். மிகையான புகழும் இவ்வகையில் வசையின் உடன்பிறப்பே.

நான்கு நிறக் கட்டை

அப்படியானால் அளப்பதற்கு நல்ல வழியே இல்லையா? இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் முயன்று பார்த்திருக்கிறார்.

1800-ஆம் ஆண்டு சனவரியில், ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையின் நிர்வாகத்தை இராபர்ட் ஓவன் ஏற்றார். அடி, உதை, தண்டம் என்பவையே அக்காலத்து ஆலைகளின் வழக்கம். ஓவன் அவற்றை விரும்பவில்லை. ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கமுள்ள ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளை. முந்திய நாள் வேலை மோசமானால் கருப்பு முன்பக்கம் நிற்கும், நடுத்தரமானால் நீலம், நன்றானால் மஞ்சள், மிக நன்றானால் வெள்ளை. மௌனக் கண்காணி என்று அதற்குப் பெயர். ஓவன் ஆலையைச் சுற்றி வரும்போது கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒரு சொல்லும் சொல்லாமல் நடப்பார். தொடக்கத்தில் கருப்பு மலிந்திருந்தது என்றும், நாளடைவில் மஞ்சளும் வெள்ளையும் பெருகின என்றும் 1857-ல் வெளியான தன்வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார்.

கட்டையின் நிறத்தைவிட, கட்டையைச் சுற்றியிருந்த முறையையே நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, நிறம் குறித்தவர் தவறாகக் குறித்தார் என்று தொழிலாளி எண்ணினால், அது ஏட்டில் ஏறுமுன் ஓவனிடமே முறையிடலாம். இரண்டாவது, தொழிலாளிக்கு நிறம் குறித்த மேற்பார்வையாளருக்கும் மேலிருப்பவர் நிறம் குறித்தார், அளப்பவனும் அளக்கப்பட்டான். மூன்றாவது, நிறத்தின் பின்னே பிரம்பு இல்லை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. 1806-ல் அமெரிக்கப் பஞ்சு வரவு தடைப்பட்டு நான்கு மாதங்கள் ஆலை நின்றபோது, ஒருவரையும் வெளியேற்றாமல் முழுக்கூலி கொடுத்ததே தொழிலாளர் மனத்தைத் தமக்கு வென்று தந்தது என்று ஓவனே கூறுகிறார்.

ஓவனை நாம் தெய்வமாக்க வேண்டுவதில்லை. ஆலையும் அவருடையது, கட்டையும் அவருடையது, ஆதாயமும் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் உரியது. எது வெள்ளை, எது கருப்பு என்று வகுக்கும்போது தொழிலாளியை எவரும் கலக்கவில்லை. நல்ல எசமான் கையிலிருந்த அளவுகோலும் எசமானின் அளவுகோலே. அந்த நல்லவர் போனபின் வருபவர் அதே கட்டையைக் கோடரிக் காம்பாக்கலாம்.

நட்சத்திரத் தீர்ப்பு

அந்தக் காம்பு இன்று வேறு வடிவில் வந்துவிட்டது. நகரத்துத் தெருக்களில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து இருசக்கர வண்டியில் விரையும் இளைஞரைப் பாருங்கள். அவர் கைப்பேசியே அவருக்கு மேஸ்திரி. உண்டவர் தரும் நட்சத்திரங்களே அவர் மதிப்பு. மழையால் தாமதமோ, கடைக்காரர் சமைக்கத் தாமதமோ, குறைவது அவருடைய நட்சத்திரம். ஏன் குறைந்தது என்று கேட்டால் விடை கூற ஆளில்லை. அவரைப் போன்ற ஆயிரம் பேர் அதே ஊரில் ஓடுகின்றனர், ஒருவரையொருவர் அறியார். ஓவன் ஆலையில் கட்டையும் இருந்தது, முறையிடக் கதவும் இருந்தது. இங்கே கட்டை மட்டும் இருக்கிறது!

இது புதிய கொடுமையும் அன்று. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்துக் கதையை மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாய் அறிவர். மலைச்சரிவில் நாளெல்லாம் பறித்த கொழுந்தைத் தராசில் வைக்கும்போது, சாக்கின் எடை என்று சிறிது போகும். ஈரம் என்று சிறிது போகும். வகுத்த அளவுக்குச் சற்றுக் குறைந்தால் "அரைப்பேர்". அன்றைய கூலியில் பாதி. அங்கே ஒவ்வொருவர் பங்கும் துல்லியமாகத் தனித்தனியே அளக்கப்பட்டது. அதனால் ஊக்கம் பொங்கியதா? தராசைக் கண்டால் நெஞ்சு பதறியதே மிச்சம்!

இந்தத் தராசுக்குச் சட்டத்தின் கண் சிறிதே திறந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பிறப்பித்த நெறியாணை, செயலி வழி உழைப்போரை நீக்கும் முடிவை எந்திரத்திடம் மட்டும் விட்டுவிடக் கூடாது, மனிதர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. கர்நாடகத்தின் 2025-ஆம் ஆண்டுச் சட்டம், காரணத்தை எழுத்தில் தந்து முன்னறிவிப்பும் செய்த பிறகே வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இவ்வகைத் தொழிலாளர்களுக்கென 2023-ல் நலவாரியம் அமைந்தது. நலவாரியம் வேண்டும், அதோடு, நட்சத்திரத்தின் கணக்கைக் கேட்கும் உரிமையும் வேண்டும். மருத்துவ உதவி உடலுக்கு. மதிப்பீட்டில் நியாயம் மானத்துக்கு.

நம் வீட்டுக் கணக்கு

ஊரார் குற்றம் பேசினோம். நம் வீட்டை எட்டிப் பார்க்க வேண்டாமா?

கட்சியாகட்டும், தொழிற்சங்கமாகட்டும், கூட்டுறவுச் சங்கமாகட்டும், படிப்பகமாகட்டும், எங்கும் ஒரு காட்சியே. இரவெல்லாம் விழித்துச் சுவரொட்டி ஒட்டியவர் ஒருவர். வீடுவீடாய்ச் சென்று வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்தவர் ஒருவர். உண்டியல் ஏந்தி வெயிலில் அலைந்தவர் ஒருவர். மறுநாள் மேடையில் மாலை விழுவதோ, மாலையில் வந்து மைக்கைப் பிடித்தவர் கழுத்தில்! வெற்றி வந்தால் தலைவரின் வியூகம்; தோல்வி வந்தால் தொண்டர்களின் சுணக்கம். இப்படிப் பத்து ஆண்டுகள் நடந்தபின், "தொண்டன் ஏன் வடத்தைத் தொட்டபடி நடக்கிறான், இழுக்கக் காணோமே" என்று வியப்பது என்ன நியாயம்? இருட்டில் நிறுத்தியவர் யார்?

மாற்று வழியைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் உழவன் கிணற்றடியிலேயே விட்டுச் சென்றிருக்கிறான். ஏற்றம் இறைப்போர் மேலே மரத்தில் ஏறி இறங்குவர். கீழே ஒருவர் சால் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். அவர் வாயில் பாட்டு ஓடும். அந்தப் பாட்டிலேயே எண்ணும் ஓடும். எத்தனை சால் இறைத்தோம், இன்னும் எத்தனை சால் என்பது மேலிருப்பவருக்கும் தெரியும், கீழிருப்பவருக்கும் தெரியும், வரப்பில் நடப்பவருக்கும் தெரியும். கணக்கு எழுத மேஸ்திரி இல்லை. கணக்கு அவர்கள் வாயிலேயே இருந்தது. இழுக்கும் விசையும் எண்ணும் எண்ணும் ஒரே தாளத்தில் சென்றன. 1989-ல் ஆர்கின்சும் சிமான்ஸ்கியும் ஆராய்ந்து கண்டதும் இதற்கு அண்மையதே. மேலிருந்து ஒருவர் தனித்தனியே அளக்காவிட்டாலும், குழு தன் மொத்த வேலையை ஓர் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பிருந்தால், உறுப்பினரின் தளர்ச்சி நீங்குகிறது என்பதே அவர்கள் கண்டது.

இதனை நம் கிளைக் கூட்டங்களில் நடைமுறையாக்க என்ன தடை? ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் சென்ற கூட்டத்தில் யார் எந்த வேலையை ஏற்றார், அது எந்த அளவில் நிற்கிறது என்று ஏட்டைத் திறந்து படிக்கலாம். எந்த வேலையை எந்த அளவுகொண்டு பார்ப்பது என்பதை வேலை செய்பவர்களே முன்கூட்டிப் பேசி வகுக்கலாம். குறை கூறும்போது வேலையைக் கூறலாம்; ஆளைக் கூறாதிருக்கலாம். குறை கூறப்பட்டவர் எழுந்து விளக்கம் சொல்ல நேரம் தரலாம். அவர் சொல்வது சரியானால் ஏட்டைத் திருத்தலாம். இறுதியில் எல்லார் வேலையும் சேர்ந்து எங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது என்று மொத்தக் கணக்கையும் படிக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, முதல் பக்கத்தில் செயலாளர் பெயரும், அவர் ஏற்ற வேலையும், அதன் நிலையும் இருக்க வேண்டும். அளப்பவனை அளக்காத ஏடு, ஏடாகாது, ஏவற்சீட்டே ஆகும்.

"இதெல்லாம் காலவிரயம், கட்டுப்பாடு இருந்தால் போதும்" என்பார் உண்டு. கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால், தன் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறியாதவனின் கட்டுப்பாடு, செக்கு மாட்டின் கட்டுப்பாடு. கண் கட்டப்பட்ட மாடு சுற்றுவதை நிறுத்தாது என்பது உண்மையே. அது ஒரு நாளும் வழியைக் கண்டு நடந்ததில்லை என்பதும் உண்மையே!

"பெயர் வேண்டாத் தொண்டே தொண்டு" என்பாரும் உண்டு. அருமையான சொல். ஆனால் அதைப் பெரும்பாலும் சொல்பவர்கள் மேடையில் பெயர் பெற்றவர்களாகவே இருக்கிறார்கள். தொண்டன் பெயருக்காக ஏங்குகிறான் என்பது அவனை இழிவு செய்யும் எண்ணம். தான் செய்தது பயன்பட்டதா, பாழானதா என்று அறிய விரும்புகிறான். அது ஆசை அன்று, உரிமை.

வடத்தை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். ஆயிரம் கைகளை அதட்டி வலுவாக இழுக்கச் சொல்லி என்ன பயன்? ஒவ்வொரு கைக்கும் மேலே ஒரு சவுக்கை நிறுத்தினால் கை வடத்தை விட்டுச் சவுக்கைத்தான் பார்க்கும். ஒரு கைக்கு மட்டும் தங்கக் காப்புப் பூட்டினால் மற்ற கைகள் சோரும். இழுப்பவர்க்குத் தம் விசை தெரியட்டும். தேர் எவ்வளவு நகர்ந்தது என்பது எல்லார்க்கும் தெரியட்டும். அளவு தவறானால் நிறுத்திக் கேட்கும் குரல் வடம் பிடித்தவனுக்கும் இருக்கட்டும். தேர்மேல் அமர்ந்திருப்பவரின் எடையும் கணக்கில் ஏறட்டும்.

அளவுகோல் வேண்டும், தோழர்களே! அது உழைப்பவன் கையிலும் இருக்க வேண்டும்.